அரசியைக் கொடுத்து வென்ற ஆட்டம்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். கல்வியின் பெருமையை எனக்கு முன் பேசியவர்கள் நிறைவாகவே எடுத்துரைத்துவிட்டார்கள். ஆதலால் நான் ஒரே ஒரு சதுரங்க ஆட்டத்தைப் பற்றிப் பேச எண்ணுகிறேன். கல்வி விழாவில் விளையாட்டுப் பேச்சா என்று சிலர் கருதலாம். சற்றே பொறுமையாகக் கேட்டால், இந்த ஆட்டத்துக்குள் நம் சங்கத்தின் வேலை முழுவதும் அடங்கியிருப்பதைக் காண்பீர்கள்.

அந்த ஆட்டம் நடந்த இடம் அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரிலுள்ள மார்ஷல் சதுரங்கக் கழகம். நாள் 1956 அக்டோபர் 17. வெள்ளைக் காய்களுடன் அமர்ந்தவர் டொனால்டு பைரன் என்னும் 26 வயதினர். 1953இல் அமெரிக்கத் திறந்தநிலைப் போட்டியில் முதலிடம் பெற்றவர். கறுப்புக் காய்களுடன் எதிரே அமர்ந்தவன் பாபி பிஷர் என்னும் சிறுவன். அவனுக்கு அப்போது வயது 13.

இந்த நாளைக் கேட்டதும் உங்களில் சிலருக்கு வேறொரு நாள் நினைவுக்கு வந்திருக்கும். அதற்கு மூன்று நாள்கள் முன்னர், 1956 அக்டோபர் 14 அன்று, நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். ஒரு பேரினத்தின் விடுதலையையும் ஒரு சிறுவனின் விளையாட்டையும் சமமாக வைப்பது என் நோக்கமன்று. இரண்டும் ஒரே கிழமையில் நிகழ்ந்தவை என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்நாளுக்குப் பின்னர் வருகிறேன்.

அந்தச் சிறுவன் அந்த நாற்காலிக்கு எப்படி வந்து சேர்ந்தான்? ஆட்டத்தைச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும். ஏனெனில், உலகம் ஆட்டத்தை வியக்கும், நாற்காலியை மறந்துவிடும்.

பாபியின் தாய் ரெஜினா கணவர் துணையின்றி இரண்டு குழந்தைகளை வளர்த்தவர். கிடைத்த வேலைகளையெல்லாம் செய்து, ஊர் ஊராக மாறி, இறுதியில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிக்கு வந்து சேர்ந்தார். 1949இல், பாபிக்கு ஆறு வயதானபோது, அவனுடைய அக்காள் மிட்டாய்க் கடையொன்றில் ஒரு டாலர் விலையில் ஒரு சதுரங்கப் பெட்டியை வாங்கி வந்தாள். பெட்டிக்குள் இருந்த விதிமுறைத் தாளைப் பார்த்தே இருவரும் ஆடக் கற்றார்கள். அக்காளுக்கு ஆர்வம் தணிந்தது, தம்பிக்குத் தணியவில்லை. அவனோடு ஆட ஆளில்லை. 1950 நவம்பரில் அந்தத் தாய் உள்ளூர்ச் செய்தித்தாளுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினார்; தம் மகனோடு சதுரங்கம் ஆட அவன் வயதுப் பிள்ளைகள் யாரேனும் உண்டோ என்பதே செய்தி. அந்த அட்டை ஹெர்மன் ஹெல்ம்ஸ் என்னும் முதுபெரும் சதுரங்க எழுத்தாளரின் கைக்குப் போயிற்று. அவர் வழிகாட்டியபடி, 1951 சனவரி 17 அன்று, மாக்ஸ் பேவி என்னும் வல்லுநர் ஒரே வேளையில் பலரோடு ஆடிய நிகழ்ச்சியில் சிறுவனும் கலந்துகொண்டான். கால் மணி நேர அளவில் தோற்றுப்போனான். ஆயினும், அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்த கார்மைன் நிக்ரோ என்பவர், புரூக்ளின் சதுரங்கக் கழகத்தின் தலைவர், அவனைத் தம் கழகத்துக்கு அழைத்துச் சென்று கற்பித்தார். பின்னர் 1956இல் ஜாக் காலின்ஸ் என்னும் ஆசிரியர் கிடைத்தார். சக்கர நாற்காலியில் வாழ்ந்த அப்பெருமகன் தம் இல்லத்தையே சதுரங்கக் கழகமாகவும் நூலகமாகவும் திறந்து வைத்திருந்தார்.

அதே ஆண்டு சூலைத் திங்களில் பிலடெல்பியாவில் நடந்த அமெரிக்க இளையோர் வாகைப் போட்டியில் பாபி 10 ஆட்டங்களில் எட்டரைப் புள்ளிகள் பெற்று முதலிடம் எய்தினான். அதற்கு முன் அவ்வளவு சிறிய வயதில் எவரும் அப்பட்டத்தைப் பெற்றதில்லை. இளையோர் வாகையன் என்னும் அந்தத் தகுதியால்தான், நாட்டின் தலைசிறந்த 12 பேர் ஆடும் ரோசன்வால்டு கோப்பைப் போட்டிக்கு அவனும் அழைக்கப்பட்டான்.

இளைஞர்களே, எண்ணிப் பாருங்கள். ஓர் அக்காள் வாங்கிய ஒரு டாலர் பெட்டி. ஒரு தாய் எழுதிய அஞ்சலட்டை. அதற்கு வழி சொன்ன ஒரு பெரியவர். தோற்ற பிள்ளையைத் தட்டிக்கொடுத்த ஓர் ஆசிரியர். புத்தகங்கள் நிறைந்த ஒரு வீடு. இறுதியாக ஓர் அழைப்பு. இத்தனையும் சேர்ந்த பிறகே அந்தச் சிறுவன் பைரனின் முன் அமர்ந்தான்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். நம் பிள்ளைகள் வழங்கும் பெயர்களாலேயே சொல்கிறேன்: அரசன், அரசி, யானை, மந்திரி, குதிரை, காலாள்.

பைரன் தம் அரசியைத் தொடக்கத்திலேயே வெளியே கொணர்ந்து பலமுறை நகர்த்தினார். அரசனையோ கோட்டைக்குள் பாதுகாக்காமல் நடுப்பலகையிலேயே நிறுத்தியிருந்தார். பிஷரின் அரசன் நான்காவது நகர்வுக்குள் பாதுகாப்பான மூலைக்குப் போய்விட்டான். 11ஆம் நகர்வில், பைரன் முன்னமே நகர்த்திய ஒரு மந்திரியை மீண்டும் நகர்த்தினார். ஒரு நகர்வு வீணாயிற்று. அதற்காகவே காத்திருந்தவன்போல் பிஷர் தன் குதிரை ஒன்றைப் பலகையின் ஓரத்துக்குக் கொண்டுபோய், பைரனின் குதிரை எளிதாக வெட்டக்கூடிய கட்டத்தில் நிறுத்தினான். பார்ப்பவர்க்கு அது பிழையாகத் தோன்றும். உண்மையில், பைரன் அதனை வெட்டியிருந்தால் பிஷரின் மற்றொரு குதிரை நடுவே பாய்ந்து, ஒரே வேளையில் அரசியையும் மந்திரியையும் தாக்கியிருக்கும். இதை உணர்ந்த பைரன் வெட்டாமல் அரசியைப் பின்வாங்கினார்.

பிறகு 17ஆம் நகர்வு. பிஷரின் அரசி பைரனின் மந்திரியால் தாக்கப்பட்டு நிற்கிறாள். பலகையில் மிகவும் ஆற்றலுடைய காய் அரசியே. அவளைக் காப்பாற்றுவதே யாரும் செய்யும் வேலை. அந்தப் பதின்மூன்று வயதுச் சிறுவன் அரசியைத் தொடவில்லை. தன் மந்திரியை வேறொரு கட்டத்துக்கு நகர்த்திவிட்டு அமைதியாக இருந்தான். "வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்பதே அதன் பொருள். பைரன் அந்த மந்திரியை வெட்டியிருந்தால், வெள்ளை அரசன் தன் காய்களாலேயே நெருக்குண்டு, சில நகர்வுகளில் ஒரு குதிரையால் செக்மேட் ஆகியிருப்பான். ஆகவே அவர் அரசியையே வெட்டினார்.

அதன்பின் நடந்ததுதான் அந்த ஆட்டத்தை உலகறியச் செய்தது. பிஷரின் மந்திரியும் குதிரையும் மாறி மாறி செக் வைத்தன. குதிரை விலகினால் மந்திரியின் செக். அரசன் ஒதுங்கினால் குதிரையின் செக். காற்றாலையின் இறக்கைபோல இது சுழன்றது. வெள்ளை அரசன் இரண்டு கட்டங்களுக்குள் அலைந்துகொண்டிருக்க, பிஷர் ஒவ்வொரு காயாக எடுத்துக்கொண்டான். கொடுத்தது ஓர் அரசி. அதற்கு ஈடாகப் பெற்றது ஒரு யானையும் இரண்டு மந்திரிகளும் ஒரு காலாளும். இறுதியில் 35ஆம் நகர்விலிருந்து தொடர்ந்து ஏழு முறை செக் வைத்து, 41ஆம் நகர்வில் யானையால் செக்மேட் செய்தான். ஹான்ஸ் கிமோக் என்னும் சதுரங்க எழுத்தாளர் இதற்கு "நூற்றாண்டின் ஆட்டம்" என்று பெயர் சூட்டினார். அப்பெயரே இன்றுவரை நிலைத்துவிட்டது.

தோற்ற பைரனையும் நாம் மறக்கலாகாது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் தோல்வி உறுதியென்று கண்டதும் ஆட்டத்தை விட்டு விலகிக்கொள்வது வழக்கம். அவர் அவ்வாறு எழுந்துவிடாமல் இறுதிச் செக்மேட் வரை ஆடினார். ஒரு சிறுவன் தொடங்கியதை முடித்துக்காட்ட இடம் கிடைத்தது. ஆசிரியனாகிய நான் அந்தப் பண்பையும் உங்களுக்குச் சுட்டிக்காட்டக் கடமைப்பட்டவன்.

இந்த ஆட்டத்திலிருந்து நான் மூன்று செய்திகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, கொடுப்பதற்கும் இழப்பதற்கும் உள்ள வேறுபாடு. பிஷர் அரசியை இழக்கவில்லை, கொடுத்தான். கொடுப்பதற்கு முன்னரே அதன் விளைவை எண்ணி வைத்திருந்தான். நம் இல்லங்களில் கொடுத்தல் நாள்தோறும் நடக்கிறது. தோட்டை அடகு வைத்துக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறாள் தாய். கூலி வேலைக்குப் போகவேண்டிய மகனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அவன் பங்கு வேலையையும் தானே செய்கிறான் தந்தை. தம்பி படிக்கட்டும் என்று தன் படிப்பை நிறுத்திக்கொள்கிறாள் அக்காள். இனி எந்த அக்காளும் அவ்வாறு நிறுத்தக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இவர்கள் கொடுத்தது அரசியைவிடப் பெரிது. அதனைப் பெற்றவன் அடுத்த நகர்வை எண்ணாமல் நாளைக் கழித்தானாகில், கொடுத்தது இழந்ததாகிவிடும். கொடையை வெற்றியாக்குவது பெற்றவன் கையில் இருக்கிறது.

இங்கேதான் நாகபுரியை நினைவூட்ட விரும்புகிறேன். அண்ணல் 1935 அக்டோபரில் இயோலாவில், "இந்துவாக இறக்கமாட்டேன்" என்று அறிவித்தார். அதனை நிறைவேற்றியது 1956 அக்டோபரில். இடையே கழிந்தவை 21 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் அவர் சமயங்களைக் கற்றார்; ஒப்பிட்டார்; எழுதினார்; மக்களை ஆயத்தப்படுத்தினார். துணிவு என்பது கண்ணை மூடிக்கொண்டு பாய்வதன்று. எண்ணி முடித்த பின் பின்வாங்காமல் நிற்பதே துணிவு.

இரண்டாவது செய்தி, வெள்ளை அரசியைப் பற்றியது. இதைச் சொல்லும்போது இங்கே அமர்ந்திருக்கும் உத்தியோகஸ்தர்கள் பொறுத்தருள வேண்டும். ஆட்டத்தின் இறுதியில் பைரனிடம் அரசி இருந்தாள். பிஷரிடம் அரசி இல்லை. ஆயினும் பைரன் தோற்றார். ஏன்? 32ஆம் நகர்வில் வெள்ளை அரசி பலகையின் மேல் கோடிக்குச் சென்றவள், ஆட்டம் முடியும்வரை அங்கிருந்து அசையவேயில்லை. அவள் இறங்கி வரும் நேர்வழியில் ஒரு சிறு காலாள் குறுக்கே நின்றது. கீழே அவளுடைய அரசன் துரத்தப்பட்டு, கட்டம் கட்டமாக ஓடி, மடிந்தான். பிஷரின் யானையும் மந்திரிகளும் குதிரையுமோ ஒன்றுக்கொன்று அரணாக நின்றன.

நம் சமுதாயத்திலும் படித்து உயர்ந்த அரசிகள் பலர் உண்டு. நகரத்தின் கோடியில் வீடு கட்டிக்கொண்டு, பிறந்த தெருவின் பெயரைச் சொல்லவும் கூசி வாழ்பவர்கள் அவர்கள். அவர்களது அச்சத்தின் காரணத்தை நான் அறிவேன். வாடகை வீடு கேட்கும்போதே குலம் கேட்கும் நாட்டில் அந்த அச்சம் பொய்யன்று. ஆயினும் எவ்வளவு பெரிய ஆற்றலும் தனித்துக் கோடியில் நின்றால், அது இருந்தும் இல்லாததே. ஐந்து சிறியவர்கள் ஒன்றுசேர்ந்தால் அதைவிட வலியவர்கள். "கற்பி" என்ற சொல்லோடு "ஒன்றுசேர்" என்பதையும் நம் தலைவர் ஏன் வைத்தார் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது செய்தி, நாற்காலியைப் பற்றியது. "தகுதி, தகுதி" என்ற சொல்லை நீங்கள் கல்லூரியிலும் அலுவலகத்திலும் கேட்டிருப்பீர்கள். இட ஒதுக்கீட்டால் வந்தவன் என்று சொல்லி உங்கள் தலையைக் குனிய வைக்க முயன்றிருப்பார்கள். அவர்களுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லுங்கள். பிஷரைவிடத் தகுதியுடையவன் யார்? அவனுக்கும் அழைப்பு ஒன்று தேவைப்பட்டது. இளையோர்க்கென்று தனியே ஒரு போட்டி வைத்து, அதன் வாகையனுக்கு மூத்தோர் நடுவில் இடம் அளித்தார்கள். அந்த இடம் அவனுக்காக ஒரு நகர்வையும் ஆடவில்லை; 41 நகர்வுகளையும் அவனே ஆடினான். ஆனால் அந்த இடம் இல்லையேல் அந்த ஆட்டமே இல்லை. இட ஒதுக்கீடு என்பது நாற்காலி, ஆடுவது நாம். நாற்காலி பெற்றதில் நாணம் வேண்டா. அமர்ந்தபின் ஆடாதிருப்பதே நாணத்தக்கது.

நாற்காலி மறுக்கப்பட்டவர் கதையும் நம்மிடம் உண்டு. பல்வங்கர் பாலூ, மராட்டிய மண்ணில் நம்மைப்போல் தீண்டாமைக்கு உட்பட்ட குலத்தில் பிறந்த பந்துவீச்சாளர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்தியக் கிரிக்கெட் அணிக்காக நூறுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவர். அவர் எறிந்த பந்தைத் தொட்டவர்கள், தேநீர் வேளையில் அவரை வெளியே நிறுத்தி மண் குவளையில் தந்தார்கள். இந்து அணியின் தலைமைப் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. பெரும் போராட்டத்துக்குப் பின் 1923இல் அவர் தம்பி விட்டல் அந்தப் பதவியில் அமர்ந்தார். பாலூவுக்கு இல்லாதது தகுதியன்று, நாற்காலி.

இங்கே ஒரு வரலாற்றையும் சொல்ல வேண்டும். பிஷர் ஆடிய போட்டியின் கோப்பை லெசிங் ரோசன்வால்டு என்பவர் பெயரால் வழங்கியது. அவர் தந்தை ஜூலியஸ் ரோசன்வால்டு பெரும் வணிகர். புக்கர் வாஷிங்டன் என்னும் கறுப்பினக் கல்வியாளரோடு சேர்ந்து, அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காக ஏறத்தாழ 5000 பள்ளிகள் எழ உதவியவர் அவர். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: அவர் ஒரு பங்கு தந்தால், ஊர் மக்களும் அரசும் தத்தம் பங்கைத் தரவேண்டும். பருத்திக் காட்டில் உழைத்த ஏழைக் கறுப்பின மக்கள் காசு திரட்டினார்கள், நிலம் தந்தார்கள், மரம் வெட்டினார்கள், சுவர் எழுப்பினார்கள். கணக்குப் பார்த்தபோது, அம்மக்கள் திரட்டிய தொகை அந்தச் செல்வர் தந்த தொகையைவிடச் சற்றே அதிகமாக இருந்தது! நம் சங்கமும் கைப்பிடி அரிசியிலும் மாதச் சந்தாவிலும் வளர்ந்ததுதானே? இந்தச் செய்தியைக் கேட்டு இங்கிருக்கும் முதியோர் பெருமிதம் கொள்ளலாம்.

நாணயத்தின் மறுபக்கத்தையும் காட்டாவிட்டால் என் உரை முழுமை பெறாது. அந்த ரோசன்வால்டு போட்டியில் பிஷர் முதலிடம் பெறவில்லை. 11 ஆட்டங்களில் அவன் வென்றவை இரண்டே, சமநிலை ஐந்து, தோல்வி நான்கு. ஒரு பேராட்டம் ஆடிய மறுநாளும் தோற்கக் கூடும், தோற்றாலும் ஆடவேண்டும். அவன் ஆடினான். 14 வயதில் அமெரிக்க நாட்டு வாகையனானான். 1972இல் ரெய்க்ஜாவிக் நகரில் போரிஸ் ஸ்பாஸ்கியை வென்று உலக வாகையரானார். ஆனால் 16 வயதில் பள்ளியை விட்டவர் அவர். 1975இல் தம் பட்டத்தைக் காக்க ஆடாமலே இழந்தார். பிற்காலத்தில் யூத மக்கள்மீது வெறுப்பை உமிழ்ந்து பேசினார். அவரைப் பெற்ற தாயே யூதர்! 2008இல் ஐஸ்லாந்தில் மறைந்தார். 64 கட்டங்களில் அவருக்கு நிகரில்லை. அந்தக் கட்டங்களுக்கு வெளியே அவருக்கு அறிவு துணை நிற்கவில்லை. பிறப்பால் மனிதரை வெறுக்கும் நோயை நாம் நன்கறிவோம். அந்த நோய் எவ்வளவு பெரிய அறிவாளியிடம் இருந்தாலும் நோய்தான். பௌத்தத்தை விரும்புவதற்குக் காரணம் கூறிய அண்ணல், பிரக்ஞை, கருணை, சமதை என்னும் மூன்றையும் சேர்த்தே கூறினார். முதலாவது மட்டும் போதும் என்று அவர் சொல்லவில்லை.

இன்று தமிழ்நாடு சதுரங்கத்தின் தாயகமாகப் புகழப்படுகிறது. 2022இல் மாமல்லபுரத்தில் உலக ஒலிம்பியாட் போட்டி நடந்தது. 2024இல் சென்னையைச் சேர்ந்த குகேஷ் தம் 18ஆம் வயதில் உலக வாகையரானார். மகிழ்கிறோம், பாராட்டுகிறோம். அதே வேளையில், பயிற்சிக் கட்டணமும் வெளியூர்ப் பயணச் செலவும் கொடுக்க இயலாத தெருக்களிலிருந்து அந்த மேசைக்குச் செல்ல வழி உண்டா என்று கேட்பதும் நம் கடமை.

ஆதலால் இந்தச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் மாலைப் படிப்பகத்தில் ஒரு மேசையை ஒதுக்குங்கள். நான்கு சதுரங்கப் பலகைகளும், தமிழில் கிடைக்கும் சதுரங்க நூல்களும் அதன்மேல் இருக்கட்டும். பாடம் முடிந்தபின் பிள்ளைகள் ஆடட்டும். ஆண் பிள்ளைகளுக்கு எத்தனை இடமோ, பெண் பிள்ளைகளுக்கும் அத்தனை இடம். படித்து வேலையில் இருப்போர் கிழமைக்கு ஒரு மாலை வந்து அமருங்கள். பணம் அனுப்பினால் மட்டும் போதாது. வட்டப் போட்டிக்கும் மாவட்டப் போட்டிக்கும் நம் பிள்ளைகளின் பெயரைப் பதிவு செய்யுங்கள். அவர்களில் எல்லாரும் வாகையர் ஆகமாட்டார்கள். ஆயினும், எதிரே அமர்ந்திருப்பவன் யாராயினும் கண்ணை நேரே பார்த்து, எண்ணி, தன் நகர்வைத் தானே செய்யும் பழக்கம் அவர்களுக்கு வரும். முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளை கடைசி வரிசையைத் தேடி அமர்வதை வகுப்பறையில் நான் நாள்தோறும் காண்கிறேன். அவனை முன் வரிசைக்கு வரவழைக்கும் எந்தக் கருவியையும் நாம் விட்டுவிடக் கூடாது.

தாய்மார்களே, ஓர் அஞ்சலட்டை எழுதிய தாயால் அந்த ஆட்டம் பிறந்தது. உங்கள் பிள்ளைக்கு எதில் ஆர்வம் என்று கண்டால், இந்தச் சங்கத்துக்கு வந்து ஒரு சொல் சொல்லுங்கள். அந்தச் சொல்லுக்கு விடை தரும் கழகமாக நம் சங்கம் இன்னும் இருபத்தைந்து ஆண்டுகளும் அதற்கு அப்பாலும் விளங்க வேண்டும்.

இளைஞர்களே, பலகையில் கறுப்புக் காய்களுக்கு முதல் நகர்வு கிடையாது. எதிரி ஆடிய பிறகே கறுப்பு ஆட முடியும். அந்தப் பின்னடைவோடு தொடங்கித்தான் அந்தச் சிறுவன் வென்றான். நமக்கும் முதல் நகர்வு தரப்படவில்லை. ஆயினும் நம் முறை வந்திருக்கிறது. எண்ணி ஆடுங்கள், சேர்ந்து ஆடுங்கள்.

 வாழ்க அண்ணல் அம்பேத்கர் புகழ்! வளர்க நம் கல்விச் சங்கம்!